தருகு போக தொண்ணூறு

இந்த உலகத்தில் எந்தப் பொருளுக்கும் அதன் முழு எடை சொந்தமில்லை என்று மனதார நம்பிய ஒரே ஒரு மனிதரை எனக்குத் தெரியும். அவர் பெயர் ஆதார் கார்டில் என்னவோ இருந்தது. சித்தூரில் மாங்காய் மண்டிகள் வரிசையாக இருக்கும் ரோட்டில் போய் அந்தப் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. 'காட்டா அண்ணன்' என்றால் நாய்கூட வழி காட்டும்.

காட்டா என்றால் எங்கள் பக்கம் தராசு. அண்ணன் மண்டியில் எடை போடுகிறவர். நான் அதே மண்டியில், அவருக்குப் பக்கத்திலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பில் போட்டுக்கொண்டிருந்தவன். இப்போது ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியின் ஏசி அறைக்குள் கணக்கு எழுதுகிறேன். ஆனாலும் மாம்பால் வாசனை மூக்கை விட்டுப் போகவில்லை.

மண்டிக்கு வரும் மாங்காயில் காம்பு இருக்கும், இலை இருக்கும், பால் வடியும், அடியில் நாலு காய் நசுங்கியிருக்கும். அதற்கெல்லாம் சேர்த்து எடையில் கொஞ்சம் கழித்துவிடுவார்கள். அதற்குத் தருகு என்று பேர். காட்டாவில் சிவப்பு எழுத்தில் நூற்று மூன்று என்று எரியும். அண்ணன் தொண்டை கிழிய "நூறு!" என்று கூவுவார். நான் நூறு என்று பில் போடுவேன். காட்டா என்ன காட்டுகிறது என்று மண்டியில் யாரும் பார்ப்பதில்லை. அண்ணன் என்ன கூவுகிறார் என்பதுதான் எடை.

இருபது வருடம் இந்த வேலையைச் செய்தால் மனிதனுக்குள் என்ன ஆகும்? தருகு ரத்தத்தில் ஏறிவிடும். அண்ணனிடம் வயது கேட்டால், "அம்பத்திநாலு. தருகு போக அம்பது" என்பார். பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்து, தூக்கிப் பார்க்கச் சொன்னால், கையில் வாங்கி லேசாக ஒரு ஆட்டு ஆட்டி, "மூணரை. துணி ஈரம் போக மூணே கால்" என்று திருப்பிக் கொடுப்பார். அந்தத் தாய் அதற்கப்புறம் இவர் வீட்டுப் பக்கமே வரவில்லை. ஒரு கல்யாணத்தில் ஐந்நூறு பேருக்குச் சமைக்கப் போனார்கள். அண்ணன் சமையல் கட்டுக்குள் நுழைந்து, "தருகு தள்ளுங்கடா, நானூத்தி அம்பது இலைதான் விழும்" என்றார். யாரும் கேட்கவில்லை. அன்றைக்கு மிஞ்சிய சாம்பாரை மூன்று தெருவுக்கு ஊற்றினார்கள்.

அவரால் தருகு தள்ள முடியாத சரக்கு ஒன்றே ஒன்றுதான். அவரே. நூற்றுப் பதினெட்டு கிலோ. மண்டியில் அவருக்கென்று இரண்டு நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்று போட்டு வைத்திருப்போம். ஷேர் ஆட்டோவில் அவர் ஏறினால் டிரைவர் மற்ற எல்லோரையும் இறக்கி, அவரை நடுவில் வைத்து, மறுபடி ஆட்களை இரண்டு பக்கமும் அடுக்குவார்.

அவர் மனைவி கஸ்தூரி அண்ணி. தராசில் ஒரு தட்டில் அண்ணனையும் இன்னொரு தட்டில் அண்ணியையும் வைத்தால் அண்ணி ஆகாயத்துக்குப் போய்விடுவார். ஆனால் வாயை மட்டும் எடை போட்டால் தட்டு அண்ணி பக்கம்தான் சாயும்.

அந்த அண்ணிக்கு இரண்டு கிட்னியும் கைவிரித்துவிட்டன. வாரத்துக்கு இரண்டு நாள் திருப்பதிக்குப் பஸ் ஏறி டயாலிசிஸ். நாக்கு வறண்டாலும் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு. சித்தூர் வெயிலில் எப்படி இருக்கும், நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். "எனக்கு நகை வேணாம், புடவை வேணாம். ஒரு சொம்பு தண்ணி அண்ணாந்து குடிக்கணும் தம்பி" என்று அண்ணி என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிக்க வரவில்லை.

அண்ணன் தன் கிட்னியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று போய் நின்றார். எல்லா டெஸ்ட்டும் எடுத்தார்கள். டாக்டரம்மா அவரை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். பார்த்து முடிக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"கிட்னி பொருந்துது. நீங்கதான் பொருந்தல" என்றார், பாதி தெலுங்கும் பாதி தமிழுமாக. "இந்த உடம்புல கத்தி வெக்க மாட்டேன். தொண்ணூறு கிலோவுக்கு இறங்குங்க. அப்புறம் தேதி பாக்கலாம்."

"கிட்னிய மட்டும் எடை போட்டா போதாதா டாக்டரம்மா? அது அவ்ளோ குண்டு இல்லியே" என்றார் அண்ணன். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒருவருக்குத் தண்ணீர் அளவு, ஒருவருக்குச் சோறு அளவு. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரை ஒருவர் காவல் காத்தார்கள். அண்ணன் அரிசியை நிறுத்தினார். தேங்காய் அளவு இருந்த ராகிக் களி உருண்டை ஆரஞ்சாகி, கடைசியில் எலுமிச்சங்காய் ஆயிற்று. விடிகாலையில் மண்டியைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். முதல் வாரம் நாய்கள் குரைத்தன. இரண்டாவது வாரம் கூடவே நடந்தன. ஒரு மாதத்தில் அந்த நாய்களும் இளைத்துவிட்டன.

சாயந்திரம் கடைசி லோடு இறங்கியதும் அண்ணன் காட்டாவில் ஏறுவார். மூட்டை தூக்கும் ஹமாலிகள், மாங்காய் கொண்டு வந்த ரைத்துகள் என்கிற விவசாயிகள், டீ கொண்டு வந்தவர் எல்லோரும் சுற்றி நிற்பார்கள். "பெங்களூரா ஒரு லாட்டு!" என்று, அண்ணனையும் ஒரு மாங்காய் ரகமாக்கி, ஒரு ஹமாலி கத்துவார். அண்ணன் குனிந்து எழுத்தைப் பார்த்து, தன் எடையைத் தானே கூவுவார். ஒவ்வொரு கிலோ இறங்கும்போதும் விசில் பறக்கும். நூற்றைத் தாண்டிக் கீழே வந்த அன்றைக்கு முதலாளி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அண்ணனுக்கு மட்டும் சர்க்கரை இல்லாமல்.

அடுத்த மாங்காய் சீசன் வந்தது. ஊரே மாம்பழ வாசனையில் மிதக்கும்போது, அந்த வாசனைக்கு நடுவில் நின்றுகொண்டு உடம்பை இறக்குவது லேசுப்பட்ட காரியமில்லை. அண்ணன் பழத்தை முகர்ந்து பார்த்து, கண்ணை மூடி, கீழே வைத்துவிடுவார். அப்படிப்பட்ட ஒரு சாயந்திரத்தில் காட்டாவில் ஏறினார், குனிந்தார், நிமிர்ந்தார்.

"தொண்ணூறு!"

அந்தக் கூச்சல் கலெக்டர் ஆபீஸ் வரை கேட்டிருக்கும். ஹமாலிகள் அவரைத் தோளில் தூக்கினார்கள். ஒரு வருடத்துக்கு முன்னால் அதற்குக் கிரேன் வந்திருக்க வேண்டும்.

மறுநாளே திருப்பதி. அண்ணன், அண்ணி, துணைக்கு நான். புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரித் தராசில் அண்ணன் ஏறினார். நர்ஸ் பார்த்துவிட்டு, "தொம்பை மூடு" என்றார். தொண்ணூற்று மூன்று.

"தருகு போகவா சிஸ்டர்?" என்றார் அண்ணன்.

"ஏமி?"

"தருகும்மா. சட்டை கீது, லுங்கி கீது, செல்போன் கீது, வேர்வை கீது. மூணு கிலோ தள்ளிட்டு சொல்லு."

நர்ஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இதேமன்னா மாமிடி மண்டியா?" என்றார். இதென்ன மாங்காய் மண்டியா என்று.

அப்போதுதான் எனக்குத் தலையில் இடி விழுந்தது. ஒரு வருடமாக அவர் கூவியதெல்லாம் தருகு போன எடை! காட்டாவில் தொண்ணூற்று மூன்று எரிந்திருக்கிறது. இவர் பழக்க தோஷத்தில் மூன்றைத் தள்ளித் தொண்ணூறு என்று கூவியிருக்கிறார். சுற்றி நின்ற நாங்களும் பழக்க தோஷத்தில் எழுத்தைப் பார்க்காமல் விசிலடித்திருக்கிறோம். அவர் பொய் சொல்லவில்லை ஐயா. அவருக்கு வேறு விதமாக எடை பார்க்கவே தெரியாது.

டாக்டரம்மா நல்லவர்தான். "இருபத்தஞ்சு கிலோ இறக்கியிருக்கீங்க, பெரிய விஷயம். இன்னும் மூணுதானே?" என்றார்.

அந்த 'மூணுதானே' இருக்கிறதே, அதுதான் அண்ணனை உடைத்தது. இருபத்தைந்து கிலோவை இறக்கும்போது கூட இருந்த ஊர், கடைசி மூன்று கிலோவுக்குக் காணாமல் போய்விட்டது. யாரைப் பார்த்தாலும் "மூணுதானே" என்றார்கள். அந்த மூன்றோ நகர மறுத்தது. களி எலுமிச்சையிலிருந்து நெல்லிக்காய் ஆயிற்று. நடை ஒரு சுற்று கூடியது. தொண்ணூற்று மூன்று. தொண்ணூற்று இரண்டரை என்று ஒருநாள் காட்டும், மறுநாள் மறுபடி மூன்று. பங்காருபாளையத்திலிருந்து மாங்காய் கொண்டு வரும் முனிசாமி என்கிற ரைத்து வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் ஒன்று சொன்னார்.

"இத்தினி வருசமா எங்க மாங்காயில தள்ளினே இல்ல காட்டாண்ணா? அந்த மூணு கிலோதான் உன் ஒடம்புல வந்து குந்திக்கினு கீது. எறங்கு எறங்குன்னா எப்டி எறங்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. அன்று அவர் காட்டாவில் ஏறவே இல்லை. அதற்கடுத்த நாளும் ஏறவில்லை. காலையில் நாய்கள் வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின.

"முடியலப்பா" என்றார் என்னிடம். "மல மாதிரி கீறப்ப எறங்குனது, மண்ணு மாதிரி கீறப்ப எறங்க மாட்டுது. அவளப் பாத்தா வவுறு எரியுது. இந்த ஒடம்ப வெச்சிக்கினு நான் இன்னாத்துக்கு லாயக்கு?"

எப்போதும் ஊரையே தூக்கிக் கூவுகிற அந்தத் தொண்டையிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வருமென்று எனக்குத் தெரியாது. எனக்கு வருத்தமாக இருந்தது. கூடவே கோபமாகவும் இருந்தது, யார் மேல் என்று தெரியாமல்.

அந்த வாரம் லோடு ஜாஸ்தி. அண்ணனால் நகர முடியாததால் அண்ணியோடு டயாலிசிஸுக்கு நான் போனேன். திருப்பதி ஆஸ்பத்திரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் மலைக்குப் போய்விட்டுத்தான் வருவார்கள். வார்டில் உட்கார்ந்தால் இந்தப் பக்கம் ஒருவர் லட்டு கொடுப்பார், அந்தப் பக்கம் ஒருவர் லட்டு கொடுப்பார். வேண்டாம் என்று சொல்ல யாருக்குத் தைரியம்? அண்ணி ஒவ்வொன்றாக வாங்கிக் கண்ணில் ஒற்றி, பக்கத்திலிருந்த பையில் போட்டார். அண்ணி அதில் ஒரு முந்திரிகூடத் தின்னக் கூடாது. சாயந்திரம் அந்தப் பை நன்றாகவே கனத்தது.

திரும்பும்போது பஸ் சந்திரகிரி தாண்டியதும் கேட்டேன். "இவ்ளோ லட்டு யாருக்கு அண்ணி?"

"உங்க அண்ணனுக்குத்தான். வெளக்கு வெச்சதும் பாதி லட்டு குடுப்பேன். தெனமும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அவரு துன்றாரா?"

"பிரசாதத்துக்கு எடை கெடையாதாம். தருகுல போயிடுமாம்."

"அண்ணி! உங்களுக்குத் தெரியாதா? நெய்யும் சர்க்கரையும்..."

"தெரியும்" என்றார் அண்ணி.

 யார் வாயைத் திறந்தாலும் அடைத்துவிடுகிற அண்ணி, வார்த்தையைத் தேடித் தேடிப் பேசினார்.

"தொண்ணூறு வந்துட்டா அறுப்பாங்க தம்பி. நல்லாக் கீற மனுசன். நான் படுத்துக்கினு கீறேன், சரி. அவரையும் பக்கத்துல படுக்க வெக்கணுமா? ஏதாவது ஆச்சுன்னா? அந்த மூணு கிலோ கீற வரிக்கும் அவர் மேல கை வெக்க மாட்டாங்க இல்ல? எனக்கு பயமா கீது."

அழுதுவிட்டார். நான் ஒரு ஆண்பிள்ளை, பக்கத்தில் உட்கார்ந்து லட்டுப் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"அவருகிட்ட சொல்லாத" என்றார்.

நான் ரகசியத்தைக் காப்பாற்றுகிறவன். சித்தூர் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் காப்பாற்றினேன். அண்ணியை வீட்டில் விட்டதும் நேரே மண்டிக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அண்ணன் கத்துவார், குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையிலிருந்த துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "அதான பாத்தேன்" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் சாயந்திரம் அண்ணியை மண்டிக்கே கூட்டி வந்துவிட்டார். ஹமாலிகள், ரைத்துகள், முதலாளி, எல்லோரும் இருந்தார்கள்.

"ஏறு" என்றார் காட்டாவைக் காட்டி.

"இன்னாத்துக்கு? நான் இன்னா மாங்காயா?"

"ஏறுடீன்றேன்."

அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். அந்தக் காட்டா ஒரு நாளும் அவ்வளவு சின்ன எண்ணைக் காட்டியிருக்காது. நாற்பத்தொன்று. எனக்குப் பழக்க தோஷம். பேனாவை எடுத்து, "தருகு எவ்ளோ அண்ணா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஒரு கிராம் தள்ளினே, கைய ஒடச்சிடுவேன்!" என்று கத்தினார் பாருங்கள், நான் பேனாவைக் கீழே போட்டுவிட்டேன். இருபது வருடத்தில் அந்தக் காட்டாவில் தருகு தள்ளாத முதல் எடை அதுதான்.

அண்ணன் அண்ணியைப் பார்த்தார். "பாத்தியா? நாப்பத்தொண்ணு. நோவு வர்றதுக்கு முன்னால அம்பத்திரெண்டு. நான் மூணு கிலோ எறங்கறதுக்கு நீ பயந்துக்கினு கீறே. நீ பதினொரு கிலோ எறங்கிட்டியே, நான் பயப்பட மாட்டேனா? உங்கிட்ட இன்னும் தள்றதுக்கு இன்னா கீது? நீயே சொல்லு."

அண்ணி காட்டா மேலேயே நின்றுகொண்டிருந்தார். மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டார். பிறகு அவருடைய பழைய குரல் வந்தது.

"அப்ப வூட்ல கீற லட்ட இன்னா பண்றது?"

"தம்பி துன்னட்டும்" என்று என்னைக் கை காட்டினார் அண்ணன்.

அந்த மூன்று கிலோ எங்கே போயிற்று என்று யாராவது கேட்டால் என் இடுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அதற்கப்புறம் காட்டாவின் எழுத்தை அண்ணன் தானே பார்த்துக் கூவுவதை நிறுத்திவிட்டார். "நான் பாத்தா கொறையுது" என்றார். அந்த வேலையை முனிசாமியிடமே கொடுத்தார். கரும்பு தின்னக் கூலியா? முனிசாமி பங்காருபாளையத்திலிருந்து மாங்காய் இல்லாத நாளிலும் வண்டி ஏறி வந்தார். குனிந்து, எழுத்தை விரலால் தொட்டு, "தொண்ணூத்தி ரெண்டரை! அரை கிலோ எங்க கணக்குல ஏத்தி, மூணு!" என்று கூவுவார். அண்ணன் முறைப்பார். ஹமாலிகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆனால் உண்மையாகவே ஒரு கிலோ இறங்கிய அன்றைக்கு முதலில் விசிலடித்ததும் முனிசாமிதான். நாய்கள் திரும்பி வந்தன. இந்தத் தடவை காலை நடையில் அண்ணியும் கொஞ்ச தூரம் வந்தார். மெதுவாக, அண்ணனின் துண்டு முனையைப் பிடித்துக்கொண்டு.

நடுவில் இரண்டு தடவை எடை ஏறவும் செய்தது. யாரும் 'மூணுதானே' என்று சொல்லவில்லை. முதலாளி மட்டும் ஒருநாள் ஆரம்பித்தார், ஹமாலிகள் பார்த்த பார்வையில் இருமிச் சமாளித்தார்.

மறுபடி திருப்பதி. அண்ணன் தராசில் ஏறும்போது சட்டை, செல்போன், சாவிக்கொத்து, செருப்பு எல்லாவற்றோடும் ஏறினார். போதாததற்கு அண்ணியின் பையையும் தோளில் மாட்டிக்கொண்டார்.

"பையைக் கீழ வைங்கண்ணா" என்றார் அதே நர்ஸ்.

"வேணாம்மா. எல்லாத்தோட பாரு. தருகே வேணாம்."

நர்ஸ் தலையிலடித்துக்கொண்டு பையைப் பிடுங்கினார். செருப்பையும் கழற்றச் சொன்னார். எண்பத்தொன்பதரை. அண்ணன் நம்பவில்லை. என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார், அண்ணியைப் பார்க்கச் சொன்னார், பக்கத்தில் ஊசிக்குக் காத்திருந்த ஒரு பெரியவரையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். நாங்கள் எல்லோரும் ஒரே எண்ணைச் சொன்னோம்.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரி வராண்டாவில் நான் எப்படி இருந்தேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை, என் மானம் போய்விடும். சில வாரம் கழித்து டாக்டரம்மா இனி நன்றாகத் தண்ணீர் குடிக்கலாம் என்று சொன்னதும், அண்ணி வீட்டு வாசலில் நின்று ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார். தொண்டை மடக் மடக்கென்று ஏறி இறங்கியது. அண்ணன் அதைச் சினிமா பார்ப்பதுபோல வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். தெருவே பார்த்தது. புடவை எல்லாம் நனைந்து அண்ணி சிரித்தார்.

இதற்கப்புறம் காட்டா அண்ணன் திருந்தி, ரைத்துகளுக்குத் தருகே தள்ளாமல் எடை போட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். முதலாளி விடுவாரா? தள்ளத்தான் செய்தார். முனிசாமியும் திட்டத்தான் செய்தார்.

ஆனால் அவர் மண்டிக்குத் திரும்பி வந்த முதல் நாளை மட்டும் சொல்லிவிடுகிறேன். கனமான எதையும் தூக்கக் கூடாது என்று உத்தரவு. கையை வீசிக்கொண்டு வந்தார், காட்டாவைத் தொட்டுக் கும்பிட்டார், ஏறினார். எண்பத்தேழு என்று எரிந்தது. வழக்கம்போல எல்லோரும் சுற்றி நின்றார்கள். முனிசாமி கூவ வாயைத் திறந்தார். அண்ணன் கையைக் காட்டி நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஒரு கிட்னி இன்னா எடை இருக்கும் தம்பி?"

"தெரியலயே அண்ணா. கொஞ்சந்தான் இருக்கும். அதையும் தள்ளணுமா?"

"யோவ், அத்தக் கூட்டு" என்றார். "அது வூட்லதான் கீது."

நான் எவ்வளவோ தருகு கழித்து பில் போட்டிருக்கிறேன். கூட்டிப் போட்டது அந்த ஒரு தடவைதான்.